தழும்பின் நீளத்தை அளக்காதீர்கள்!

இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன்: சின்னக் கீறல் நல்லதா? பெரிய கீறல் நல்லதா?

"அவருக்கு இடுப்பு மூட்டையே மாற்றி விட்டார்களாம். சின்னக் கீறல்தானாம். மறுநாளே நடந்து விட்டாராம்!"

"இவருக்கும் மாற்றினார்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து விட்டார்கள். பாவம்!"

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். டீக்கடையிலும் பேச்சு, கல்யாணப் பந்தலிலும் பேச்சு.

இதைக் கேட்கிற குடும்பம் என்ன செய்கிறது? வீட்டில் இடுப்பு வலியால் துடிக்கும் பெரியவர் இருக்கிறார். "அப்பாவுக்குச் சின்னக் கீறல்தான் போட வேண்டும்" என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். அதற்குப் பணம் ஜாஸ்தி என்றால் நகையை அடகு வைக்கிறார்கள். நகை போதாவிட்டால் இரண்டு மா நிலத்தை விற்கவும் துணிகிறார்கள்.

பெற்றவர்கள் மீது வைத்த பாசம் அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கூடுதல் பணத்துக்குக் கூடுதல் சுகம் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. ஆனால் கொஞ்சம்தான். அதுவும் முதல் சில வாரங்களுக்குத்தான். அதற்குப் பிறகு சின்னக் கீறல்காரரும் பெரிய கீறல்காரரும் ஒரே மாதிரிதான் நடக்கிறார்கள்.

நோயாளியை நடக்க வைப்பது தழும்பின் நீளம் அல்ல. மூன்று விஷயங்கள் அவரை நடக்க வைக்கின்றன. ஒன்று, டாக்டரின் கைப்பழக்கம். இரண்டு, உடனே எழுந்து நடப்பது. மூன்று, வீட்டில் செய்யும் ஏற்பாடு. நிலத்தை விற்பதற்கு முன்னால் இதை ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டும்.

பந்தும் கிண்ணமும்

இடுப்பு எலும்பின் பக்கத்தில் ஒரு கிண்ணம் போன்ற பள்ளம் இருக்கிறது. தொடை எலும்பின் தலை ஒரு பந்து போல இருக்கிறது. பந்து கிண்ணத்துக்குள் சுழல்கிறது. அதனால்தான் மனிதன் நடக்கிறான்; உட்காருகிறான்; குனிகிறான்.

பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளேயும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். அப்போது வலி உயிரை வாங்கும். வயது ஆக ஆக இது வரலாம். பல வருடம் பாரம் சுமந்து உழைத்தவர்களுக்கும் வரலாம். சிலருக்குப் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று, பந்தே நொறுங்கிப் போகும். இது நடுத்தர வயதிலேயே வருவதும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. வயதானவர்கள் வழுக்கி விழுந்தால், பந்துக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதி ஒடிந்து விடும். "எண்ணெய்க் கட்டு போட்டால் சேர்ந்து விடும்" என்று காத்திருப்பவர்கள் அநேகர். இது தவறு. அந்த இடத்து எலும்பு நகர்ந்து விட்டால் கட்டுக்கு அடங்காது. படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் அபாயம். இவர்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தேய்ந்த பந்தை வெட்டி எடுத்து விட்டு, உலோகத்திலோ பீங்கானிலோ செய்த பந்தை வைப்பார்கள். கிண்ணத்துக்குள் புதுக் கிண்ணம் பொருத்துவார்கள். இதுதான் மூட்டு மாற்று ஆபரேஷன்.

தன் தொடையில் சோதித்த டாக்டர்

இந்த ஆபரேஷனுக்குப் பெரிய கதை உண்டு. 1891-ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியில் குளுக் என்ற டாக்டர் யானைத் தந்தத்தில் பந்து செய்து பார்த்தார். அது நிலைக்கவில்லை. பிறகு பலர் பலவற்றை வைத்துப் பார்த்தார்கள்.

இதில் வெற்றி கண்டவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற ஊர் ஆஸ்பத்திரியின் டாக்டர். முதலில் அவர் டெப்லான் என்ற வழவழப்பான பொருளில் கிண்ணம் செய்தார். நோயாளிகள் வலி தீர்ந்து நடந்தார்கள். ஆனால் சில வருடங்களில் கிண்ணம் தேய்ந்து, உள்ளே புண்ணாகி விட்டது. சார்ன்லி மனம் உடைந்தார். ஆனாலும் ஓயவில்லை. அடுத்து ஒரு வகை உறுதியான பிளாஸ்டிக் கிடைத்தது. இது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? டெப்லான் தூளையும் புதுப் பிளாஸ்டிக் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு சோதித்தார்! டெப்லான் இருந்த இடம் வீங்கியது. பிளாஸ்டிக் இருந்த இடம் சும்மா இருந்தது.

1962-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தை நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் நடக்கும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு அதுதான் தாய்.

சார்ன்லி போட்டது பெரிய கீறல்தான். அந்தப் பெரிய கீறலோடு லட்சக்கணக்கான பேர் வலி தீர்ந்து நடந்தார்கள். இதை மறக்கக் கூடாது.

சாவித் துவாரத்தில் கிண்ணம் நுழையுமா?

2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் சில டாக்டர்கள் கீறலைச் சுருக்கினார்கள். பழைய முறையில் 15 செ.மீ. முதல் 25 செ.மீ. வரை கீறுவது உண்டு. புது முறையில் 10 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. சிலர் இரண்டு சின்னக் கீறல்கள் போட்டார்கள். சிலர் பின்பக்கத்தை விட்டு முன்பக்கமாக, தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பத்திரிகைகள் புகழ்ந்தன. விளம்பரங்கள் பறந்தன. நம் ஊருக்கு வருவதற்குள் அதற்கு "சாவித் துவார ஆபரேஷன்" என்று பெயரும் வந்து விட்டது.

இது சரியான பெயர் அல்ல. பித்தப்பையைத் துவாரம் போட்டு எடுக்கலாம். மூட்டை அப்படி மாற்ற முடியாது. பொருத்தும் கிண்ணம் சுமார் 5 செ.மீ. அகலம் இருக்கும். தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டு ஒரு பேனாவின் நீளம் இருக்கும். இவை சாவித் துவாரத்தில் நுழையுமா? "சின்னக் கீறல்" என்பதும் உண்மையில் ஒரு விரல் நீளத்துக்குக் குறையாது.

ஆகவே, "துவாரம் போட்டே மூட்டை மாற்றி விடுவோம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும்.

சோதனை சொன்ன தீர்ப்பு

எது நல்லது என்று வாதம் செய்தால் முடிவு வராது. சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படியே சோதித்தார்கள்.

அயர்லாந்துத் தீவில் பெல்பாஸ்ட் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 219 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு எந்தக் கீறல் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு 10 செ.மீ.க்கு மேல் போகாத கீறல். மறு பாதிக்கு 16 செ.மீ. கீறல். டாக்டர் ஒருவரே, மருந்தும் ஒன்றே.

2005-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. எவ்வளவு சீக்கிரம் நடந்தார்கள்? வித்தியாசம் இல்லை. எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்? வித்தியாசம் இல்லை. எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது? அதிலும் வித்தியாசம் இல்லை!

அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற புகழ்பெற்ற ஆஸ்பத்திரியில் 72 பேரைச் சோதித்தார்கள். இரண்டு சின்னக் கீறல் முறையையும், பின்பக்கம் ஒரே கீறல் போடும் முறையையும் ஒப்பிட்டார்கள். 2008-இல் முடிவு வந்தது. அதிசயமாகப் பேசப்பட்ட இரண்டு கீறல் முறையில்தான் நோயாளிகள் மெதுவாகத் தேறினார்கள்!

முன்பக்கமாகப் போகும் முறைக்கு மட்டும் ஒரு லாபம் தெரிகிறது. அதே ஆஸ்பத்திரியில் பிறகு நடந்த சோதனையில், அந்த முறையில் ஆபரேஷன் ஆனவர்கள் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே கைத்தடியை விட்டார்கள். இரண்டு மாதம் ஆனதும் இரு சாராரும் ஒன்றாகி விட்டார்கள்.

ஒரு வாரம் என்பது அற்பம் அல்ல. அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் பெரிது. ஆனால் அந்த ஒரு வாரத்துக்காக, ஆயுள் முழுதும் சோறு போடும் நிலத்தை விற்கலாமா? அதுதான் கேள்வி.

குதிரின் சின்ன வாய்

சின்னக் கீறலில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. குதிரின் சின்ன வாய் வழியாகக் கையை விட்டு நெல் அள்ளிப் பாருங்கள். பழகிய கை சுலபமாக அள்ளும். பழகாத கை சிந்தும்.

ஆபரேஷனும் அப்படியே. சின்னக் கீறலில் டாக்டருக்கு உள்ளே தெரியும் இடம் குறைவு. கைப்பழக்கம் உள்ளவர் சுத்தமாக முடித்து விடுவார். புதிதாகக் கற்கிறவர் கையில் எலும்பு விரியலாம். கிண்ணம் சாய்ந்து உட்காரலாம். முன்பக்க முறையில் தோல் நரம்பு இழுபட்டு, தொடையின் ஒரு பக்கம் சில காலம் மரத்துப் போவதும் உண்டு. பருத்த உடம்பு உள்ளவர்களுக்கும், மூட்டு மிகவும் கோணலாகி விட்டவர்களுக்கும் பெரிய கீறலே பத்திரமாக இருக்கலாம்.

கிண்ணம் சாய்ந்தால் என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாய்ந்த கிண்ணம் சீக்கிரம் தேயும். பந்து அதிலிருந்து நழுவி வெளியே வரலாம். நேராக உட்கார்ந்த மூட்டு நெடுங்காலம் உழைக்கும். 2019-இல் ஒரு பெரிய கணக்கு எடுத்தார்கள். மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 100-க்கு சுமார் 58 மூட்டுகள் 25 வருடம் வரை நீடிக்கின்றன என்று அது சொல்கிறது.

ஒரு பக்கம் ஒரு வாரம். மறு பக்கம் 25 வருடம். எதைப் பெரிதாக நினைக்க வேண்டும்? தழும்பைச் சேலையும் வேட்டியும் மறைத்து விடும். கோணல் மூட்டை எதுவும் மறைக்காது.

புதுசு என்றாலே உசத்தி என்று எண்ணக் கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. டெப்யூ என்ற கம்பெனி "ஏ.எஸ்.ஆர்." என்ற புது வகை இடுப்பு மூட்டை விற்றது. உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து. எதிர்பார்த்ததற்கு முன்பே பலருக்கு அது பழுதாயிற்று. 2010-இல் உலகமெங்கும் அதைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. மறுபடி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டிய துன்பம் பலருக்கு வந்தது. ஆகவே, பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள சீட்டை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, பத்திரத்தோடு பத்திரமாக வைக்க வேண்டும்.

படுக்கையே எதிரி

அப்படியானால், இப்போது நோயாளிகள் முன்னைவிடச் சீக்கிரம் வீடு திரும்புகிறார்களே, அது எதனால்?

அதற்கு டென்மார்க் தேசத்து டாக்டர் கெலெட்டைக் கேட்க வேண்டும். 1990-களில் அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஆபரேஷன் ஆனவரைப் படுக்க வைப்பதே அவரைப் பலவீனப்படுத்துகிறது என்றார். வலியை நன்றாக அடக்குங்கள். சீக்கிரம் சாப்பாடு கொடுங்கள். அன்றைக்கே அல்லது மறுநாளே எழுப்பி நடக்க விடுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்லிக் கொடுங்கள். இவ்வளவுதான் அவர் சொன்ன வழி.

இதைச் செய்த இடங்களில் பெரிய கீறல்காரரும் சீக்கிரம் எழுந்தார். செய்யாத இடங்களில் சின்னக் கீறல்காரரும் படுத்தே கிடந்தார். "மூன்றாம் நாளே நடந்தார்" என்ற பேச்சில், பாதிப் புகழ் கத்திக்கு அல்ல, கைபிடித்து நடத்தியவருக்குத்தான்!

சாதாரணமாகத் தேறுகிற கணக்கு இதுதான். முதல் நாளிலோ மறுநாளிலோ வாக்கரைப் பிடித்து நிற்பது. சில நாளில் வீடு திரும்புவது. இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பது. ஆறு வாரம் வாக்கில் வாக்கரை விட்டுத் தடியோடு நடப்பது, அல்லது தடியும் இல்லாமல் நடப்பது. மூன்று மாதத்தில் வீட்டு வேலைகள் பெரும்பாலும் செய்வது. முழு பலம் வர ஒரு வருடம் கூட ஆகலாம். எந்தக் கீறல் ஆனாலும் கணக்கு ஏறக்குறைய இதுவே.

தஞ்சை வீடும் புது மூட்டும்

இங்கேதான் டெல்டா மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. இந்த ஆபரேஷன் நாற்காலியில் உட்காருகிற நாட்டில் பிறந்தது. தஞ்சை மாவட்டத்து வாழ்க்கையோ தரையில் நடக்கிறது.

இலை போட்டுத் தரையில் சாப்பாடு. தரையில் பாய். குனிந்து கோலம். குந்தி உட்காரும் கக்கூஸ். முழங்கால் சேற்றில் குனிந்து நடவு. இவை எல்லாமே புது மூட்டுக்கு எதிரிகள். இடுப்பை மிகவும் மடக்கினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். முக்கியமாக, முதல் மூன்று மாதம் இந்த அபாயம் அதிகம்.

அதனால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்ய வேண்டும். உயரமான கட்டில் வேண்டும். கை வைத்த உயரமான நாற்காலி வேண்டும். உட்காரும் கக்கூஸ் வேண்டும். கட்ட வசதி இல்லாவிட்டால், நடுவில் துளை உள்ள கம்மோடு நாற்காலி கடையில் கிடைக்கிறது. குளிக்கும் இடத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வேண்டும். காலில் தடுக்கும் சாக்கு, மிதியடி, ஒயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு? சின்னக் கீறலுக்காகக் கேட்கிற கூடுதல் பணத்தில் ஒரு சிறு பங்குதான்! சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாட்டிலிருந்தும் அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து விட்டு, வீட்டில் பழைய குந்து கக்கூஸை அப்படியே வைத்திருந்தால், கொடுத்த பணம் வீண்.

பாசம் செய்யும் தீமை

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வித ஆபத்து காத்திருக்கிறது.

முதல் ஆபத்து, பாசம். "பச்சை உடம்பு, அசையாதீங்க அப்பா" என்று மகள் படுக்க வைக்கிறாள். தண்ணீரும் படுக்கைக்கு வருகிறது. சாப்பாடும் படுக்கைக்கு வருகிறது. அசையாத காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் மாத்திரை கொடுத்தால், சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலும் கொடுப்பது உண்டு. கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு புண்ணில் நீர் வடிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்துவதும் பாசம் செய்யும் தீமைதான். புண் ஆற அவைதான் வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும்.

இரண்டாவது ஆபத்து, பாசம் இல்லாமை. இது பெரும்பாலும் பெண்களுக்கே நேருகிறது. மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் அடுப்படியில் நிற்கிறார். அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார். "அப்பாயிதான் நடக்கிறாங்களே" என்று பேரப் பிள்ளைகள் ஏவல் சொல்கிறார்கள். காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தால், "இந்த வயசில் என்ன விளையாட்டு?" என்று அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்கள். கிழவி வெட்கப்பட்டு நிறுத்தி விடுகிறாள். அதோடு தசை மெலிகிறது. விந்திய நடை நிரந்தரம் ஆகிறது. பிறகு, "ஆபரேஷன் சரியில்லை" என்று டாக்டர் மீது பழி!

நட்ட நாற்று உடனே நிமிராது. சில நாள் வெளுத்து நிற்கும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் மூட்டும் அப்படித்தான். எலும்பு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். நாற்றுக்குக் காட்டும் பொறுமையை மனிதருக்கும் காட்ட வேண்டாமா?

நடவுப் பெண்ணின் நாளை

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புது மூட்டோடு வரப்பில் நடப்பதற்கே டாக்டரைக் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வழுக்கும். விழுந்தால், புது மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு ஒடியும். சேற்றில் குனிந்து நாள் முழுவதும் நாற்று நடும் வேலைக்குத் திரும்புவது பெரும்பாலும் நல்லதல்ல. சின்னக் கீறல் போட்டாலும் இது மாறாது.

நடவுக் கூலியே ஜீவனம் என்று இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! ஆபரேஷன் அவளுடைய வலியைத் தீர்க்கும். பழைய வேலையைத் திருப்பித் தராது. இதை ஆபரேஷனுக்கு முன்பே அவளிடம் சொல்ல வேண்டும். களத்தில் கணக்குப் பார்ப்பதோ, சின்னக் கடை வைப்பதோ, நிமிர்ந்து நின்று செய்யும் வேறு வேலையோ என்று குடும்பம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இருக்கும் இரண்டு மா நிலத்தையும் கீறலுக்காக விற்று விட்டால், பிறகு அவள் எதை நம்பி வாழ்வாள்?

காலமும் பார்க்கலாம். ஒடிந்த எலும்பு காத்திருக்காது. அதற்கு நாள் பார்க்கக் கூடாது. தேய்ந்த மூட்டுக்கு நாள் பார்க்கலாம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதற்குப் பிறகு குறுவை, சம்பா என்று வீட்டில் ஒருவருக்கும் ஓய்வு இருக்காது. தை அறுவடை முடிந்த பிறகு கையில் கொஞ்சம் காசு இருக்கும், கவனிக்க ஆளும் இருக்கும், தரையும் காய்ந்திருக்கும். மாசியில் ஆபரேஷன் ஆனால், வைகாசிக்குள் மூன்று மாதம் ஓடி விடும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

நிலத்தை விற்காமலே இந்தச் சிகிச்சை பெற வழி இருக்கிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959-இல் தொடங்கியது. டெல்டா மக்களுக்கு அதன் ஆஸ்பத்திரிதான் பெரிய துணை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனும் சேர்ந்திருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்கள் அந்த அட்டையை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. வலி வந்த பிறகு அலைவது கஷ்டம்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவரை அனுப்புவதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. மூட்டு மாற்றியவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கீறலைச் சுருக்கும் எந்தக் கருவியையும்விட, வாசலுக்கு வந்து கைபிடித்து நடத்தும் ஒருவர் மேலானவர்.

ஆனால், ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிக்கும் கிராமத்து உடற்பயிற்சியாளருக்கும் நடுவில் தொடர்பு வேண்டும். நோயாளி வீடு திரும்பும் அன்றே அவருடைய பெயர் வட்டாரச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் ஆறு வாரமும் பயிற்சி விடாமல் நடக்க வேண்டும். காப்பீட்டுப் பணம் கத்தியோடு நின்று விடாமல், வாக்கருக்கும் கம்மோடு நாற்காலிக்கும் சேர்த்துக் கிடைக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளும் கீறலின் அளவை விளம்பரம் செய்வதை விட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் குடும்பத்தை அழைத்து ஒரு மணி நேரம் பாடம் சொல்லட்டும். அது ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம்.

டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். "டாக்டர் ஐயா, இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எங்கள் அம்மாவுக்கு எந்த முறை பத்திரம்? எப்போது எழுந்து நிற்கலாம்? வீட்டில் என்ன மாற்ற வேண்டும்? பயிற்சி யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள்.

கைப்பழக்கம் உள்ள டாக்டர், அதே செலவில், "இவருக்குச் சின்னக் கீறலே போதும்" என்று சொன்னால் சந்தோஷமாகச் சம்மதியுங்கள். "பெரிய கீறல்தான் பத்திரம்" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவர் உங்கள் அம்மாவின் தோலைப் பார்க்கவில்லை, நடையைப் பார்க்கிறார்.

தையல் போட்ட இடம் இரண்டு வாரத்தில் ஆறி விடும். அதற்குப் பிறகு நடக்க வைப்பது வீட்டில் உள்ளவர்களின் கை. அந்தக் கை காலையிலும் மாலையிலும் பத்து நிமிஷம் பெரியவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கட்டும். நிலமும் மிஞ்சும், நடையும் மிஞ்சும்!